முப்பத்தாறே முக்கால் மில்லிமீற்றர்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில், அயர்லாந்து ரெயில் பாதையை அதன் உண்மையான அகலத்துக்கு அளவெடுத்து மொடலாகச் செய்து வைத்திருக்கிற தமிழன் நான் ஒருவன்தான். வேறு யாரும் இருந்தால் வந்து காட்டட்டும். கிரவீனில் என் வீட்டுக் கராஜில், இரண்டு கார் நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கிறது. இருபத்துநாலு அடி நீளம். கார்கள் வெளியே வெயிலில் காய்கின்றன.

ஏன் அயர்லாந்து என்று எல்லோரும் கேட்பார்கள். ஹெலன்ஸ்பர்க் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றாலும் விடமாட்டார்கள்.

"அங்கிள், விளையாட்டு ரெயில் ஓடுதோ?"

"ஓடுது. உம்மட வாய் மாதிரி, நிக்காம ஓடுது."

"எங்கட ஊர் ரெயிலைச் செய்யிறதை விட்டிட்டு, ஆரோ வெள்ளைக்காரன்ர ரெயிலை ஏன் அங்கிள் செய்யிறியள்?"

"எங்கட ஊர் ரெயிலை எனக்கு ஒருத்தரும் கொண்டுவந்து தரேல்லை. இதை ஒரு மனுசன் கையில கொண்டுவந்து தந்தவர்."

அந்த மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னைப் பற்றியும்தான், வேறு வழியில்லை.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினாலு வயதில் கொழும்புப் பக்கம் ஒரு ரெயில்வே வேர்க்‌ஷொப்பில் கையாளாகச் சேர்ந்தேன். பெட்டிகளின் சில்லுக் கழற்றுவது, கழுவுவது, திரும்பப் பூட்டுவது. பிறகு வளைகுடா. பிறகு இந்த நாடு. செவன் ஹில்ஸில் ஓர் இரும்பு வேர்க்‌ஷொப்பில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. ஐந்து வருசத்தில், எந்த லேத் மெசினுக்குக் கீழே கூட்டினேனோ அதே மெசினில் நின்று வேலை செய்தேன். இன்னும் பத்து வருசத்தில் இரண்டு தெரு தள்ளிச் சொந்த வேர்க்‌ஷொப். பதினொரு பேர் எனக்குக் கீழே. பட்டம் படித்த எஞ்சினியர்மார் சாமானைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து "இது செய்ய ஏலுமோ" என்று என்னைக் கேட்பார்கள். நான் விரலால் தடவிப் பார்த்தே எங்கே பிழை என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை.

வரைபடம் பார்ப்பேன். கோடும் இலக்கமும் இருந்தால் எந்த நாட்டுக்காரன் கீறினாலும் எனக்கு விளங்கும். கடிதம் என்றால் என் மனுசி. அவ ஊரில் ஆசிரியையாக இருந்தவ. வேர்க்‌ஷொப்புக்கு வருகிற கடிதம், கவுன்சில் பாரம், வேலைக்காரருடைய விசாக் காகிதம் எல்லாம் அவ வாசித்து, என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வசனத்தில் எனக்குச் சொல்லுவா. ஆட்கள் நினைத்தார்கள், பெரியவர் காகிதத்தில் கை வைக்க மாட்டார், அது அவருடைய கெத்து என்று. நான் அப்படியே நினைக்க விட்டேன். இங்கிலிஷில் அச்செழுத்து என்றால் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கையால் கூட்டி எழுதிய எழுத்து என்றால் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. எழுபத்தொரு வயதில் இதை இப்போதுதான் முதல் முறையாக ஒரு தாளில் எழுதுகிறேன், அதுவும் தமிழில்.

எனக்கு இந்த ரெயிலைத் தந்த அந்த ஐரிஷ்காரர் வேர்க்‌ஷொப்புக்கு வந்தது ஒரு மத்தியானம். பிஸ்கட் தகரம் ஒன்று கையில். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு, மனைவி இறந்து தனியாக இருந்தவர். தகரத்தைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்ன ரெயில் சில்லுகள், பஞ்சில் சுற்றி வைத்திருந்தார். அவர் பேசியது இங்கிலிஷ்தான். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படித் தமிழில் எழுதுகிறேன்.

"இந்த அச்சுகளை ஒரு சொட்டு நீட்டித் தர ஏலுமோ?"

"எவ்வளவு?"

"இப்ப முப்பத்திரண்டு மில்லிமீற்றருக்கு நிக்குது. எனக்கு முப்பத்தாறே முக்கால் வேணும்."

"ஏன், வாங்கினபடி ஓடாதோ?"

"ஓடும். ஆனா பொய்யா ஓடும். அயர்லாந்தில தண்டவாளத்துக்கு இடையில ஐஞ்சடி மூண்டங்குலம். கடையில விக்கிறதெல்லாம் இங்கிலாந்துக்காரன்ர ஒடுக்கமான அளவு."

நிஜத்தில் ஓர் அடி, மொடலில் ஏழு மில்லிமீற்றர். ஐந்தடிக்கு முப்பத்தைந்து, மூன்று அங்குலத்துக்கு ஒன்றே முக்கால். காகிதம் எடுக்காமல் நான் சொன்னேன், சரிதான், முப்பத்தாறே முக்கால் என்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உம்மட ஊர்ப் பாதை எவ்வளவு?"

"ஐஞ்சடி ஆறங்குலம். உம்மடது எனக்கும் ஒடுக்கம்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் மெசினில் நின்ற ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்படித் தொடங்கியது ஒன்பது வருசம் போனது. அவருடைய மொடல் கிளப்பில் இருந்தவர்கள் அயர்லாந்து எஞ்சினை வாங்கி, இங்கிலாந்துப் பாதையில் ஓடவிட்டு, அதற்குப் பச்சை நிறம் பூசித் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒரேயொரு இடம்: அயர்லாந்தின் தெற்கே, எப்போதோ மூடப்பட்ட ஒரு கிளைப் பாதையில், அவர் பிறந்து வளர்ந்த ஊரின் ஸ்டேஷன். கட்டடங்களை அவர் தன் வீட்டு மேசையில் மட்டையால் செய்தார். கல் சுவரின் ஒவ்வொரு கல்லையும் கீறினார். சில்லும் பெட்டியும் எஞ்சினும் என் வேலை. பித்தளைத் தகட்டில் நான் வெட்டிய எஞ்சினைக் கிளப்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். வாங்கியதாம்.

வேர்க்‌ஷொப்பை விற்ற பிறகுதான் கராஜைக் காலி செய்து பலகை அடித்தோம். கட்டடம் எல்லாம் தயார், வண்டி எல்லாம் தயார், பாதை மட்டும் கடைசி. அந்த நேரம் பார்த்து அவருடைய கண் போகத் தொடங்கியது. இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி மங்கி, ஓரத்தால் மட்டும்தான் தெரிந்தது. ஒரு முகத்தைப் பார்ப்பதற்கு அவர் பக்கத்துச் சுவரைப் பார்ப்பார்.

ஒரு நாள் காலையில் மூன்று தாள்களோடு வந்தார். கையால் எழுதியது. பெரிய எழுத்து, வரி கோணிக் கோணிப் போயிருந்தது.

"அப்பரைப் பற்றி உமக்குச் சொல்லியிருக்கிறன்தானே," என்றார்.

சொல்லியிருந்தார். அவருடைய தகப்பன் ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, டிரைவர் இல்லை. பாதை பார்க்கிற தொழிலாளி. விடிந்தால் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தனக்குரிய மைல் கணக்கை நடந்து பார்த்து வருகிறவர்.

"பாதை எப்பிடி இருந்தது எண்டு இதில எழுதியிருக்கிறன். அளவு ஒண்டும் எழுதேல்லை, அது உமக்குத் தெரியும். வாசிச்சுப்போட்டு அதின்படி போடும். என்ர கண் முழுசாப் போக முந்தி அப்பர் நடந்த பாதையை ஒருக்காப் பாக்க வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

"போடுறன்," என்றேன்.

தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, ஓர் இலக்கம் இல்லை. முழுவதும் எழுத்து. தலையை ஆட்டிக்கொண்டு, வாசிக்கிறவன் எடுக்கிற நேரத்தை எடுத்து, மடித்து எண்ணெய்க் கலனுக்குக் கீழே வைத்தேன்.

மனுசியிடம் கொடுத்திருக்கலாம். குசினிக்கும் கராஜுக்கும் இடையில் ஒரு கதவுதான். ஆனால் வேர்க்‌ஷொப்பில் இருபத்தைந்து வருசம் அவ வாசித்துச் சொல்லச் சொல்லத்தான் நான் முதலாளி. கராஜில் மட்டும் நான் யாரையும் எதுவும் கேட்டதில்லை. அதோடு விசயம் ரெயில். பதினாலு வயதில் ரெயிலுக்குக் கீழே படுத்தவனுக்கு ரெயிலைப் பற்றி ஒரு தாள் என்ன சொல்லப் போகிறது? நான் என் வாழ்க்கையில் நம்பியது என் அளவுகோலை மட்டும்தான்.

அடுத்த மாதம் மனுசியின் மருமகப் பெடியனுக்கு மெல்பேர்னில் கலியாணம். அந்த விக்டோரியா மாநிலத்துப் பழைய பாதைகள் அயர்லாந்து அகலம் என்று கிளப்பில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அந்தக் காலத்தில் யாரோ அந்த அளவைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். மண்டபத்துக்குப் போகிற வழியில், ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போகிற கைவிட்ட பாதை ஒன்றைக் கண்டேன். புல் மூடிக் கிடந்தது. காரை ஓரம் கட்டி, கோட்டுப் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தேன். கலியாணத்துக்கு ஏன் அளவுநாடா என்று கேட்காதீர்கள்.

குந்தியிருந்து அளந்தேன். ஐந்தடி மூன்று அங்குலம், ஒரு நூல் கூடக்குறையவில்லை.

"இஞ்சேருங்கோ, தாலி கட்டுற நேரம் போகுது," என்று மனுசி காருக்குள்ளிருந்து சொன்னா.

"ஒரு நிமிசம்."

"கோட்டுச் சூட்டோட தண்டவாளத்தில குந்திக்கொண்டு இருக்கிறியள். ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?"

"ரெயில்வே எஞ்சினியர் எண்டு நினைப்பினம்."

"ஓம். கலியாண வீட்டில காணாமப் போன எஞ்சினியர்."

சிலிப்பர் கட்டை ஒவ்வொன்றுக்கும் இடைவெளி எவ்வளவு, கட்டையின் நீளம் எவ்வளவு, தண்டவாளம் கட்டையில் எப்படி இருக்கிறது, ஆணி எந்தப் பக்கம், எல்லாம் அளந்து, அழைப்பிதழின் பின்பக்கத்தில் குறித்தேன். அங்கே தண்டவாளத்தின் அடி தட்டையாக இருந்தது. அதை நேரே கட்டை மேல் வைத்து, இரண்டு பக்கமும் ஆணி அறைந்திருந்தார்கள். தாலி கட்டிய பிறகுதான் மண்டபத்துக்குள் போனோம். மனுசி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை. அயர்லாந்துக்குப் போகாமலே அயர்லாந்துப் பாதையைக் கையால் தொட்டுவிட்டு வந்தவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினான்கு மாதம் எடுத்தது. கட்டையைக் கட்டையாக வெட்டி, சாயம் ஏற்றி, தண்டவாளத்தை வைத்து, குண்டூசித் தலையை விடச் சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். பிறகு கல் துகள் கொட்டி ஒட்டினேன். ஐரிஷ்காரர் கிழமைக்கு இரண்டு தரம் வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். பாதையில் கை வைக்க விடமாட்டேன், பசை காயவில்லை, நிறம் காயவில்லை என்பேன். அவரும் வைக்க மாட்டார். மற்றவன் வேலை செய்கிற இடத்தில் கை வைக்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

"நான் எழுதினபடி வந்திருக்கோ?" என்று ஒரு நாள் கேட்டார்.

"எழுதினதை விட நல்லா வந்திருக்கு."

"அப்ப அந்த நீலமும்?"

எந்த நீலம் என்று எனக்குத் தெரியாது. "எல்லாம் இருக்கு," என்றேன்.

அவர் சுவரைப் பார்த்துச் சிரித்தார். சுவரைப் பார்த்தால் என்னைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை. பக்கத்து ஊர் மண்டபம் ஒன்றில் கிளப்காரர்கள் வைத்தது. முன்னால் ஒரு பலகையில் எங்கள் இரண்டு பேர் பெயரும். என்னுடையதை முதலில் போடச் சொன்னது அவர்தான். சனம் நல்ல சனம். நான் கழுத்துப்பட்டி கட்டி, எஞ்சினை ஓட்டிக்கொண்டு, கேட்கிற ஆட்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றேன். அன்றைக்குக் காலையில் என்னைவிடப் பெரிய ஆள் அந்த மண்டபத்தில் இல்லை.

பத்தரை மணியளவில் ஒரு மனிதர் வந்து, முழங்காலில் இருந்து, கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார். மெல்பேர்னில் இருந்து வந்தவராம், அங்கே இதே வேலைதான் செய்கிறாராம். எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமை. விக்டோரியாப் பாதையை இவ்வளவு துப்புரவா ஒருத்தர் போட்டு நான் கண்டதில்லை."

"இது அயர்லாந்து," என்றேன்.

"ஸ்டேஷன் அயர்லாந்து, அது தெரியுது. பாதை எங்கட ஊர்ப் பாதை எல்லோ. அந்த மாதிரி ஐரிஷ் ஸ்டேஷனில தண்டவாளத்தைத் தாங்க இரும்புச் செயரும், அதை இறுக்க மர ஆப்பும் இருந்திருக்கும். நீங்கள் ஆணி அடிச்சிருக்கிறியள். ஆனா வேலை எண்டா வேலைதான்."

அவர் என்னைக் கேவலப்படுத்த வந்தவரில்லை. மனம் நிறைந்து பாராட்டினார். அதுதான் கொடுமை. பிழை பிடிக்க வந்தவனாக இருந்தால் நான் வாயாலேயே அவனை அடித்துத் துரத்தியிருப்பேன்.

ஐரிஷ்காரர் எனக்குப் பின்னால் கதிரையில் இருந்தார். எழும்பி வந்தார். ஒன்பது வருசத்தில் முதல் தடவையாகக் கேட்காமல் கையை நீட்டினார். சுட்டு விரலைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் வைத்து, ஸ்டேஷன் மேடையில் இருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் மெல்ல இழுத்துக்கொண்டு போனார். தொட்டிக்குப் பக்கத்தில் விரல் நின்றது. அங்கே எதையோ தேடியது. திரும்பத் தேடியது.

"என்ர தாளை வாசிச்சனீரோ?" என்று கேட்டார்.

"வாசிச்சனான்."

"அதில ஆப்பைப் பற்றி என்ன எழுதியிருந்தனான்?"

சனம் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஆப்பு வேண்டாமெண்டு நான்தான் முடிவெடுத்தனான். ஆணி பலம்," என்றேன்.

"இது பலத்துக்குச் செய்ததில்லை," என்றார் அவர்.

பின்னேரம் வரைக்கும் அந்தக் கதிரையிலேயே இருந்தார். பரிசு ஒன்றும் தந்தார்கள், வேலைத் திறமைக்கு. அவரை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வீட்டு வாசலில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் வானத்துக்கும் நடுவில் எங்கேயோ பார்த்துச் சொன்னார்: "இது என்ர அப்பர் நடந்த பாதை இல்லை."

வீட்டுக்கு வந்து எண்ணெய்க் கலனுக்குக் கீழே இருந்த தாள்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். மனுசி மீன் வெட்டிக்கொண்டு நின்றா. மேசையில் வைத்தேன். அவ கையைக் கழுவி, துடைத்து, எடுத்துப் பார்த்தா. தாளில் எண்ணெய் வட்டம் பதிந்திருந்தது.

"இது எப்ப தந்தது?"

"போன வருசம்."

"போன வருசமோ?"

"வாசி."

"கராஜுக்குள்ள ஈ கூடப் போகக் கூடாது எண்டு நிண்டியள். இப்ப மட்டும் நான் வேணும்."

"வாசியுமன்."

அவ கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னா. தண்டவாளம் கட்டையில் நேரே இருப்பதில்லை. ஒவ்வொரு கட்டையிலும் இரும்பு வார்ப்பு ஒன்று, செயர் என்று பெயர், அதற்குள் தண்டவாளம் நிற்கும். வெளிப்பக்கத்தால் ஒரு மர ஆப்பை இறுக்கி அடித்து அதை அசையாமல் பிடிப்பார்கள். மழைக்கு ஆப்பு ஊதி இறுகும், வெயிலுக்குச் சுருங்கிக் கழன்று விழும். அப்பர் நடப்பது அந்த ஆப்புகளுக்காகத்தான். ஒற்றைப் பாதை, ரெயில் இரண்டு பக்கமும் வரும், அதனால் ஓர் ஆப்பை இந்தப் பக்கத்தால் அடித்தால் அடுத்ததை அந்தப் பக்கத்தால் அடிப்பார். ஒரு வெயில் காலத்தில் கையிருப்பில் ஆப்பு முடிந்து போனது. வீட்டில் குசினிக் கதிரை ஒன்று உடைந்து கிடந்தது. அதன் காலை அறுத்து ஒன்று செய்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அடித்தார். கதிரைக்கு நீல நிறம் பூசியிருந்தது. பாதை மூடுகிற நாள் வரைக்கும் அந்த நீல ஆப்பு விழவில்லை. பள்ளிக்கூடம் போகிற பெடியன் தினமும் அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவானாம்.

மனுசி தாள்களை அடுக்கி மேசையில் வைத்தா.

"அவ்வளவுதான். வாசிக்கப் பத்து நிமிசம்."

திரும்பிப் போய் மீனை வெட்டினா. அவ ஏசியிருந்தால் எனக்கு நல்லது.

அடுத்த நாள் பாதை முழுவதையும் கிளப்பினேன். இருபத்துநாலு அடி. பதினான்கு மாத வேலையைக் கிளப்ப ஒரு பின்னேரம் காணும். பித்தளையில் ஒரு செயர் அரம் போட்டுச் செய்தேன், அதை வைத்து அச்செடுத்து, ஈயக் கலவை உருக்கி வார்த்தேன். ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் செயர். அத்தனைக்கும் மரத்தில் ஆப்பு, நாலு மில்லிமீற்றர் நீளம், நகத்தால் கிள்ளி எடுக்கிற அளவு. ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். இந்த உலகத்தில் வேறு எவனும் எட்டு மாதத்தில் இதைச் செய்திருக்க மாட்டான், நான் செய்தேன். கிளப்காரர்கள் ஒருவனும் இதைப் பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

அந்த எட்டு மாதத்துக்குள் ஐரிஷ்காரருடைய கண் முழுதாகப் போய்விட்டது. ஓரமும் போய்விட்டது. தனியாக இருக்க முடியாது என்று மெல்பேர்னில் இருக்கிற மகள் வந்து கூட்டிக்கொண்டு போனா. எனக்கு ஒரு செய்தி சொல்லிவிட்டுத்தான் போனார். பாதையை நானே வைத்திருக்கட்டுமாம். வைத்திருக்கட்டுமாம்.

பார்க்க முடியாவிட்டாலும் தடவவாவது முடியும் என்று நினைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாதையில் இரண்டு அடியை அப்படியே பலகையோடு அறுத்தெடுத்து, பெட்டி செய்து, கையில் பிடித்துக்கொண்டு மெல்பேர்னுக்குப் போனேன். விமானத்தில் அது என்னவென்று கேட்டார்கள். ரெயில் பாதை என்றேன். வெளிக்கிடும்போது மனுசி அந்த மூன்று தாளையும் என் சட்டைப் பையில் வைத்தா.

"ஏன் இது?"

"அவர்ர சாமான். அவரிட்டக் குடுங்கோ."

விமான நிலையத்தில் இருந்து டாக்ஸி பிடித்தேன். மகள்காரி வாசலுக்கு வந்து, டாக்ஸி திரும்பிப் போகும் வரைக்கும் பெட்டியை ஒரு பக்கம் பிடித்து உதவினா. ஐம்பது வயது இருக்கும், தகப்பனைப் போல நீண்ட முகம். அவர் வெளி விறாந்தையில் இருந்தார். மெலிந்து போயிருந்தார். என் குரலைக் கேட்டு முகத்தைத் திருப்பினார். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. நேரே என்னைப் பார்த்தார், அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை.

பலகையை அவர் மடியில் வைத்தேன். அவர் விரலை எடுத்துத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் வைத்தேன். அவர் தானாக இழுத்துக்கொண்டு போனார். ஓர் ஆப்பு, அடுத்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வாய்க்குள் ஏதோ எண்ணினார். தொட்டிக்குப் பக்கத்தில் விரல் நின்றது. அந்த ஒன்றை மட்டும் நான் ஒரு சொட்டு நீளமாக விட்டிருந்தேன். கதிரைக் கால் ஆப்பு மற்றதைப் போல அளவாக இருந்திருக்காது என்பது எந்தத் தாளிலும் இல்லை, என் கைக்குத் தெரியும்.

"நீலமோ?"

"நீலம்."

"அப்பர் சுத்தியலால பின்பக்கத்தில ஒரு தட்டுத் தட்டுவார்," என்றார். நகத்தால் அதைத் தட்டினார். அவர் முகம் இளகியது. நான் வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்த நிமிசத்தோடு எழும்பி வந்திருக்க வேண்டும்.

"அந்தத் தாள் வைச்சிருக்கிறீரோ?" என்று கேட்டார்.

பையைத் தொட்டுப் பார்த்தேன். "ஓம்."

"ஒருக்கா வாசிச்சுக் காட்டும். நான் எழுதினது எனக்கே மறந்து போச்சு. இனி வாசிக்கவும் ஏலாது. உம்மட குரலில கேப்பம். பாதையைப் போட்ட ஆள் வாசிச்சா நல்லாயிருக்கும்."

தாள்களை விரித்தேன். எண்ணெய் வட்டம், கோணல் வரி. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். அப்படியே என் இங்கிலிஷில் சொல்லியிருக்கலாம். வாசிக்கிற மாதிரிப் பாவனை செய்திருக்கலாம், அவருக்குக் கண் தெரியாது. ஆனால் மகள் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தா. எந்த வரியில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முதல் வரியிலேயே பிடிபட்டுவிடுவேன்.

"கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன்," என்றேன்.

கண்ணாடி என் மூக்கில் இருந்தது.

மகள் என் முகத்தைப் பார்த்தா. கண்ணாடியைப் பார்த்தா. தாளைப் பார்த்தா. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அவவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்பது வருசம் அவவுடைய தகப்பனுக்கு விளங்காமல் நான் காப்பாற்றியது. தகப்பன் சொல்லிக் கேட்டிருந்தால், கண்காட்சியில் நான் ஆணி பலம் என்று சொன்னது ஏன் என்றுகூட அவவுக்கு விளங்கியிருக்கும். விளங்காமல் இருந்தது ஒருவருக்கு மட்டும்தான், அவருக்கு நான் பிடிவாதத்தால் பாதையைக் கெடுத்தவன். அதையும் நான் திருத்தவில்லை.

"காருக்குள்ள விட்டிட்டார் போல அப்பா. நான் வாசிக்கிறன்," என்றா அவ.

வாசித்தா. நல்ல குரல். வெயில், மழை, அப்பரின் நடை, கதிரைக் கால். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் நீல ஆப்பில் விரலை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேர் என்னை அவமதித்திருக்கிறார்கள். விளக்குமாற்றோடு நின்ற காலத்தில் பெயர் சொல்லாமல் விசிலடித்துக் கூப்பிட்டவன் இருக்கிறான். அவனை எல்லாம் நான் வேலையால் வென்றேன். ஒரு பொம்பிளை எனக்காகச் சொன்ன பொய்யை எதால் வெல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வெளிக்கிடும்போது அவ வாசல் வரைக்கும் வந்தா. பலகையைத் தகப்பனின் மடியிலேயே விட்டுவிட்டேன்.

"உங்களுக்கு ஏதும் வாசிக்க வேணுமெண்டா எப்பவும் எனக்குப் போன் எடுங்கோ," என்று மெதுவாகச் சொன்னா.

"கண்ணாடி காருக்குள்ளதான் கிடக்கு," என்றேன்.

"ஓம், காருக்குள்ள," என்றா அவ.

காலையில் என்னை இறக்கிவிட்டு டாக்ஸி திரும்பிப் போனதை என்னோடு நின்று பார்த்தவ அவதான்.

அதற்குப் பிறகு ஐரிஷ்காரர் இரண்டு தரம் போன் எடுத்தார். இரண்டு தரமும் நான் கராஜுக்குள் இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மனுசி பேசுவது கேட்டது. "அவர் வெளியில போயிட்டார்," என்று எனக்காக அவவும் சொன்னா. அறுத்தெடுத்த இரண்டு அடியை நான் இன்னும் திரும்பப் போடவில்லை. அச்சும் இருக்கிறது, ஈயமும் இருக்கிறது, இரண்டு கிழமை வேலை. எஞ்சின் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வரும், நிற்கும், பின்னால் போகும்.